சுவரில்லாத பல்லி

பல்லி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சுவர்தான். டியூப்லைட்டுக்குப் பின்னால் பூச்சிக்குக் காத்திருக்கும் சாம்பல் உடம்பு. பேச்சுக்கு நடுவே அது குரல் கொடுத்தால் உடனே தரையைத் தட்டும் அம்மா. சுவரே இல்லாத ஊரில் பல்லி எதைப் பிடித்துக்கொண்டு வாழும் என்று யோசித்ததில்லை.

நமீபியாவில் ஸ்வாகோப்முண்டை ஒட்டிய மணல்மேடுகளில் ஒரு காலை. வழிகாட்டி மணலில் இருந்த மெல்லிய தடத்தோடு போய், மண்டியிட்டு, கையாலேயே தோண்டி ஒரு பல்லியை எடுத்தார். இரவில் நடமாடுகிற பிராணி. வெயில் பட்டால் தாங்காது என்று உள்ளங்கையால் நிழல் கட்டியபடி காட்டினார்.

உரித்த இறாலைப் போல இளஞ்சிவப்பு. தோல் அவ்வளவு மெல்லியது, உள்ளே இருப்பதெல்லாம் நிழலாகத் தெரிந்தது. தலைக்குப் பொருந்தாத பெரிய கண்கள். கால்தான் என்னை அசத்தியது: விரல்களுக்கிடையே சவ்வு, அசல் வாத்துக்கால்! நீந்தத் தண்ணீர் எங்கே? சரிகிற மணலில் புதையாமல் நடக்கவும், குழி பறிக்கவும்தான் அந்தச் சவ்வு.

இதன் பழைய பெயரான பால்மாட்டோகெக்கோ இந்தச் சவ்வைத்தான் சொன்னது. பிறகு உறவுமுறை ஆராய்ந்து பேக்கிடாக்டைலஸ் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். அதற்கு 'தடித்த விரல்' என்று பொருள். பெயர் வைத்தவர்கள் இந்தக் காலை மறந்துவிட்டார்கள் போலும்.

தண்ணீர் கடலிலிருந்து வருகிறது, மழையாக அல்ல. பெங்குவேலா குளிர்நீரோட்டத்தின் மேல் உண்டாகும் மூடுபனி பாலைக்குள் நகர்ந்து வரும். அது பல்லியின் முகத்திலும் கண்ணிலும் துளியாகத் திரளும். நாக்கை நீட்டி நக்கிக் குடித்துக்கொள்ளும். இமை கிடையாது, கண்ணைத் துடைப்பதும் அதே நாக்குதான்.

2021-இல் மியூனிக் ஆய்வாளர்கள் இன்னொன்று கண்டார்கள். புற ஊதா ஒளியில் இதன் கண்ணைச் சுற்றியும் விலாவின் கீழ்ப்புறமும் பச்சையாக ஒளிர்கிறது. ஒளிர்வது தோலிலுள்ள செல்கள். மேலே பறக்கும் ஆந்தைக்குத் தெரியாமல், தரையோடு நிற்கும் இன்னொரு பல்லிக்கு மட்டும் தெரியட்டும் என்று அவ்வளவு தாழ்வாக அமைந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

வழிகாட்டி கீழே விட்டதும் பல்லி மணலை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஊர் திரும்பிய அன்றிரவு டியூப்லைட்டின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுப் பல்லிக்கும் இமை இல்லை. சற்று நேரத்தில் நாக்கை நீட்டி, நிதானமாக, ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டது.