வைக்கோலும் விளைச்சல்தான்

தம்மம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டின் வசதியை எடைபோட நெல் மூட்டையை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. மூட்டை வீட்டுக்குள் இருக்கும், வெளியாள் கண்ணில் படாது. வைக்கோல் போர் தெருவிலிருந்தே தெரியும். பெண் கொடுக்க வருகிறவர்கள் வாசல்படி ஏறும் முன்பே பின்பக்கத்துப் போரின் உயரத்தைப் பார்த்துவிடுவார்கள். போர் உயரமாக இருந்தால் அந்த வீட்டுக்கு வயல் உண்டு, மாடு உண்டு, கோடை முழுக்க அந்த மாட்டுக்குத் தீனியும் உண்டு.

சுவேத நதி கொல்லிமலையில் பிறந்து எங்கள் ஊரை ஒட்டி வந்து, பிறகு வசிஷ்ட நதியோடு கூடி வெள்ளாறாகிறது. நதி என்று பெயரே தவிர, ஆண்டில் பல மாதம் மணல்தான். ஒரு பக்கம் கொல்லிமலை, மறுபக்கம் பச்சைமலை, நடுவில் கிணற்றுத் தண்ணீரை நம்பி நெல்லும் மக்காச்சோளமும் மரவள்ளியும் மஞ்சளும் பாக்கும். இந்த மண்ணில் பங்குனி, சித்திரையில் பச்சைப் புல்லைத் தேடி மாட்டை ஓட்டிக்கொண்டு அலைந்தால் வெறும் வயிற்றோடுதான் திரும்பும். அப்போது அதைக் காப்பாற்றுவது தை மாதத்தில் போட்ட போர். ஒரு கிலோ நெல் விளையும் இடத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ வைக்கோலும் விளைகிறது. நெட்டை ரகங்களில் அதற்கு மேலேயே வரும். ஆகவே அறுவடை என்றால் எங்களுக்கு இரண்டு விளைச்சலைத் தனித்தனியாகப் பிரித்து, இரண்டையும் பத்திரமாக வீடு சேர்ப்பது.

பழைய கதிரடிக்கும் இயந்திரங்கள் மீது எனக்கு இருக்கும் மதிப்பு இதிலிருந்து வந்ததுதான். அவற்றை உருவாக்கியவர்களுக்கு மணியைப் போலவே தாளும் ஒரு கணக்காக இருந்தது.

முதலில் களத்து வேலையைச் சொல்லியாக வேண்டும். அறுத்த அரிகளைக் கட்டாகக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவருவார்கள். களம் சாணம் கரைத்து மெழுகியிருக்கும். கட்டை ஓங்கிக் கல்லிலோ பலகையிலோ அடிப்பது முதல் அடி. நன்றாக முற்றிய மணியெல்லாம் அதிலேயே உதிர்ந்துவிடும். ஒட்டிக்கொண்டிருப்பதை எடுக்க, அடித்த தாளைக் களத்தில் பரப்பி, மாடுகளைத் தாம்பில் பிணைத்து வட்டமாக மிதிக்க விடுவார்கள். மிதிபட்ட தாளை அவ்வப்போது கிளறி, தூக்கி, உதற வேண்டும். இந்த உதறலில்தான் வேலையின் சூட்சுமமே இருக்கிறது. மணி கதிரை விட்டு உதிர்ந்திருந்தாலும் தாளுக்குள் சிக்கியிருக்கும். உதறாமல் அள்ளினால் அது நேரே போருக்குள் போய்ச் சேரும். பிறகு ஒரு மழை பெய்ததும் போரின் மேல் பச்சைப் பசேலென்று நெல் முளைத்து நிற்கும். அதைப் பார்க்கும் எவருக்கும் அந்தக் களத்தில் வேலை எப்படி நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு தூற்றல். காற்றுக்காகக் காத்திருந்து, உயரத்தில் நின்று, முறத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெல்லைச் சரிய விடுவார்கள். கனமான மணி காலடியிலேயே விழும். கருக்காய் சற்றுத் தள்ளி விழும். கூளமும் தூசும் அதற்கும் அப்பால் பறந்து போகும். காற்று நின்றால் வேலையும் நின்றுவிடும்.

மிதிப்பது, உதறுவது, தூற்றுவது, போர் போடுவது என்று நான்கு வேலை. பழைய இயந்திரத்தின் பெட்டியைத் திறந்து பார்த்தால் இவற்றில் முதல் மூன்றும் இதே வரிசையில் உள்ளே இருக்கின்றன. மாட்டுக் குளம்புக்குப் பதில் பல் வைத்த உருளை. அதன் கீழே வளைந்த கம்பித் தட்டு. இரண்டுக்கும் நடுவே கதிர் நசுங்கிப் போகும்போது மணியில் பெரும் பங்கு அந்தத் தட்டின் இடைவெளி வழியாகவே கீழே இறங்கிவிடும். மீதி மணியோடு வெளியே வரும் தாளை, முன்னும் பின்னும் மேலும் கீழும் ஆடுகிற நீண்ட படிகள் உதறிக்கொண்டே பின்பக்கம் தள்ளிப் போகும். கீழே சல்லடை, சல்லடைக்கு அடியிலிருந்து ஊதும் விசிறி. காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

சுழலும் உருளையால் கதிரடிக்கும் இயந்திரத்தை ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மீக்கிள் 1786 வாக்கில் செய்து காட்டினார். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஜான், ஹைரம் பிட்ஸ் சகோதரர்கள் அடிப்பதையும் தூற்றுவதையும் ஒரே இயந்திரத்துக்குள் சேர்த்து 1837இல் காப்புரிமை பெற்றார்கள். அதோடு மணியின் கணக்கு ஏறக்குறைய முடிந்தது. தாளின் கணக்குதான் முடியவில்லை. நீராவி எஞ்சின் வந்து உருளை வேகமாகச் சுழல ஆரம்பித்ததும் பின்வாயிலிருந்து வைக்கோல் வெள்ளமாகக் கொட்டியது. அதை அள்ளிப் போர் போட ஆட்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. முதலில் சட்டம் கோத்த சாய்ந்த பட்டை ஒன்றைப் பின்னால் மாட்டினார்கள். அது வைக்கோலை மேலே ஏற்றிக் கொட்டும், ஆனால் போரின் மேல் நின்று அதை வாங்கிப் பரப்புகிறவர்கள் தூசிக்குள் மூழ்கித்தான் வேலை செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் விசிறியால் வைக்கோலை ஊதித் தள்ளும் முறை வந்தது. யானைத் துதிக்கை போல நீண்ட குழாய், இப்படியும் அப்படியும் திரும்பும், ஏறும், இறங்கும். எங்கே வேண்டுமோ அங்கே வைக்கோலைக் குவிக்கும். ஆள் கணிசமாகக் குறைந்தது.

அந்தக் குழாய் வழியாக வைக்கோலோடு மணியும் பறந்து போகிறதே என்ற கவலை அங்கேயும் இருந்திருக்கிறது. தப்பி வந்த மணியை விசிறிக்குச் சற்று முன்னால் பிடித்து மறுபடியும் இயந்திரத்துக்குள் திருப்பி அனுப்பும் ஓர் அமைப்பைப் பின்னாளில் சேர்த்தார்கள். போரில் நெல் முளைப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கடல் கடந்த கோதுமை நாட்டுக்காரனுக்கும் அதே வயிற்றெரிச்சல் இருந்திருக்கிறது என்பது பெரிய செய்தியாகத் தெரிந்தது.

இந்த இயந்திரங்கள் எல்லோருக்கும் நல்லதைக் கொண்டுவந்தன என்று நான் சொல்ல மாட்டேன். 1830இல் இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் தொடங்கிப் பல மாவட்டங்களில் கூலிக்காரர்கள் திரண்டு கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கையால் கதிரடித்துத்தான் அவர்கள் குடும்பம் கஞ்சி குடித்தது. இங்கும் களத்தில் தூற்றிய பெண்களுக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. களம் போனதும் அந்த நெல்லும் போனது. பணக்கூலி வந்தது உண்மை, ஆனால் அறுவடை முடிந்த கையோடு வீட்டுக்குள் வந்து சேரும் நாலு மரக்கால் நெல்லுக்கு அது ஈடாகவில்லை. பஞ்சாபில் பசுமைப் புரட்சிக் காலத்தில் கோதுமை அடிக்கும் இயந்திரங்கள் பெருகியபோது கை இழந்தவர்கள் ஏராளம். அதற்காகவே 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டியதாயிற்று.

நெல்லுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. நெல் தாள் நீளமானது, ஈரமானது. உருளையில் சுற்றிக்கொள்ளும். பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் இதற்கு நல்ல தீர்வு கண்டது. கதிரை ஒரு முனையில் கொடுத்தால், மூடியின் உட்புறத்தில் சாய்வாக வைத்த தகடுகள் தாளை உருளையைச் சுற்றிச் சுற்றி மறுமுனைக்குத் தள்ளிக்கொண்டு போகும். போகிற வழியெல்லாம் மணி உதிர்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் உருளையோடு சேர்ந்து சுழலும் தகடுகள் தாளைத் தூர வீசி எறியும். உதறும் படிகள் தேவையில்லை. பிரிப்பதும் வீசுவதும் ஒரே சுற்றில் முடிந்துவிடும். நம் நாட்டில் நெல்லடிக்க வந்த பல மிஷின்களும் இந்த வழியில் வந்தவைதான்.

டிராக்டரில் பெல்ட் மாட்டி ஓட்டும் மிஷின் எங்கள் பக்கம் வயல் வயலாக வரும். அதன் முன்னால் நின்றவர்களுக்குக் கண்ணை விடக் காதுதான் வேலை செய்யும். கதிர் அளவாகப் போனால் ஒரே சீராக இரையும். ஒரு கட்டு கூடுதலாகத் திணித்தால் குரல் தாழ்ந்து இழுக்கும். “அளவாக் குடு மாமா, மிஷின் முக்குது!” என்று வைக்கோல் பக்கம் நிற்கிறவர் கத்துவார். மணி சரியாகப் பிரிகிறதா என்று பார்க்க, வீசி விழுந்த வைக்கோலில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் கசக்கிப் பார்ப்பார்கள். மணி தட்டுப்பட்டால் கொடுக்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூட்டைக்குள் கைவிட்டு அள்ளிப் பார்த்தால் உமி உரிந்து அரிசி தெரிகிறதா, உருளையின் சுழற்சி அதிகம். தூசி பறக்கும் வாயில் முறத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்ப்பதும் உண்டு. அதில் கனத்த மணி வந்து விழுந்தால் விசிறிக் காற்றைக் குறைப்பார்கள். படிக்காதவர்கள் என்று நாம் சொல்லும் ஆட்கள் இந்த மூன்றையும் நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்கள்.

வைக்கோல் விழும் பக்கத்து வேலை எவருக்கும் பிடிக்காது. சுணை கழுத்திலும் கைமடிப்பிலும் ஏறி, ராத்திரி குளித்த பிறகும் அரிக்கும். ஆனால் போர் போடத் தெரிந்தவருக்கு ஊரில் தனி மரியாதை. அடியில் கல்லும் பனந்துண்டும் பரப்பிக் கரையான் ஏறாமல் தூக்கி வைக்க வேண்டும். நடுப்பகுதி எப்போதும் ஓரத்தை விட உயரமாக இருக்க வேண்டும். நடுவை நன்றாக மிதித்து இறுக்கினால்தான் பின்னால் குழியாகாது, குழியானால் மழைத்தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். பாதி உயரம் வந்ததும் கீழே இறங்கி, பக்கவாட்டில் துருத்தியிருக்கும் தாளையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும். அப்போது மிச்சமிருக்கும் தாள் நுனி கீழ்நோக்கித் தொங்கும், மழை அதன் மேலேயே வழிந்து ஓடிவிடும். உச்சியைக் கூரை போல மேய்ந்து, வைக்கோல் பிரி திரித்து இறுக்கிக் கட்டுவார்கள். ஈரத்தோடு போட்டால் போர் உள்ளுக்குள் புழுங்கும், கையை நுழைத்தால் சுடும், கடைசியில் பூஞ்சணம் பிடித்து மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போகும். மாட்டுக்குப் பிடுங்கும்போதும் கண்ட இடத்தில் கை வைக்கக் கூடாது, ஒரே பக்கத்தில் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். ஒழுங்காகப் போட்ட போர் ஐப்பசி அடைமழையைத் தாங்கி, அடுத்த தை வரைக்கும் உள்ளே பொன்னிறம் மாறாமல் இருக்கும்.

இப்போது கதிரறுக்கும் பெல்ட் வண்டி வருகிறது. நாள் முழுக்க நடக்கும் வேலையைக் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடுகிறது. ஆள் கிடைக்காத காலத்தில் அது இல்லையென்றால் பாதி வயல் தரிசாகியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நெல்லை மட்டுமே கேட்டு வந்த வண்டி. தாளை உயரத்தில் அறுப்பதால் பாதி வைக்கோல் அடிக்கட்டையாக வயலிலேயே நிற்கிறது. மீதியை வரிசையாகக் கக்கிவிட்டுப் போகிறது. அதன் மேலேயே பெல்ட் ஏறிச் சேற்றில் அமுக்கினால் மாடு தொடாது. பிறகு தனியாகக் கட்டு கட்டும் மிஷினைக் கூப்பிட்டு உருளையாகச் சுருட்ட வேண்டும். அதற்குள் ஒரு தூறல் வந்தால் போச்சு. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் இந்த வண்டி விட்டுச் செல்லும் நெல் தாளுக்குத் தீ வைத்து, ஐப்பசி கார்த்திகையில் டெல்லி வரை புகை மூட்டம் சூழ்கிறது. நம்மூரில் யாரும் எளிதில் வைக்கோலைக் கொளுத்த மாட்டார்கள், கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் பூமி இது. ஆனால் உருளைக் கட்டுகள் லாரியேறிக் கேரளத்துக்குப் போன பிறகு, சித்திரையில் அதே வைக்கோலை விலை கொடுத்து வாங்கும் வீடுகளை நான் பார்க்கிறேன்.

நெல்லையும் தாளையும் சேர்த்துக் கரையேற்றாத இயந்திரம் அரை இயந்திரம் என்பதே என் முடிவு. நூறு ஆண்டுக்கு முன் நீராவியில் ஓடிய பெட்டிக்கு இருந்த அக்கறை இன்றைய வண்டிக்கு இல்லாமல் போனதற்குத் தொழில்நுட்பம் காரணமல்ல, அந்த வண்டியைக் கேட்டு வாங்குகிற இடத்தில் மாடு வைத்திருப்பவன் இல்லை, அதுதான் காரணம். வேளாண் பொறியியல் துறையும் கூட்டுறவுச் சங்கங்களும் வாடகைக்கு விடும் அறுவடை வண்டியோடு வைக்கோல் கட்டும் மிஷினையும் சேர்த்தே அனுப்ப வேண்டும், அதுவும் ஒரு ஏக்கர், அரை ஏக்கர்காரனுக்கும் முறை கிடைக்கும்படி. வண்டி வைத்து அறுக்கிறவர்கள் வயல் காய்ந்த பிறகு, தாழ அறுக்கச் சொல்லி ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற நெட்டை ரகங்களை நெல் ஜெயராமன் போன்றவர்கள் மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவை சாய்ந்து படுத்தால் வண்டி திணறும், கையால் அறுத்து மிஷினில் அடிப்பதுதான் வசதி. விதைநெல்லுக்கும் மெதுவாகச் சுழலும் பழைய உருளையே நல்லது, மணி அடிபடாது. ஆகவே உங்கள் கொட்டகையில் பழைய கதிரடிக்கும் மிஷின் துருப்பிடித்துக் கிடந்தால் இரும்புக் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள். பெல்ட்டை மாற்றி, உருளையின் போல்ட்டுகளை இறுக்கி, கதிர் கொடுக்கும் வாயில் கை உள்ளே போகாத நீளத்துக்குத் தகரம் அடித்து வையுங்கள்.