முதல் கை

விளையாட்டுப் பார்க்கப் போகிறவன் ஆட்டத்தை மட்டுமா பார்க்கிறான்? பாதி நேரம் கூட்டத்தைப் பார்க்கிறான். மீதி நேரம் தானே கூட்டமாகிவிடுகிறான்.

1999 பொங்கலுக்கு எங்கள் பாப்பாரப்பட்டியில் கபடி நடந்தது. பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்ட சுப்பிரமணிய சிவா, 1925-இல் கண்ணை மூடிய ஊர் இது என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமை பேசுவோம். அன்று இரவு எங்களுக்கு மாதாவும் நினைவில்லை; சிவாவும் நினைவில்லை. டியூப் லைட் வெளிச்சம், செம்மண் புழுதி, ஒலிபெருக்கியில் தொண்டை கட்டிப்போன ஒருவரின் வர்ணனை. வெளியூர்ப் பையன் ஒருவன் பாடி வந்து, எங்கள் ஆட்கள் மூவரைத் தொட்டுவிட்டுத் தப்பினான். அடுத்த தடவை அமுக்கிவிட்டார்கள். முழங்கால் பிசகி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தான். நாங்கள் விசில் அடித்தோம். அதில் என் விசிலுக்குத்தான் சத்தம் அதிகம். அவனைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். வெட்கப்பட்டுக்கொண்டு பார்த்தான்.

இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. டீக்கடை டெலிவிஷன் முன்னால் கூட்டம். சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட். 12 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் இங்கே டெஸ்ட் ஆட வந்திருந்தார்கள். வரக்கூடாதென்று அந்த மாதமே சிலர் டில்லி மைதானத்தைக் கொத்திப் போட்டிருந்தார்கள். நமக்கு வேண்டியது 271. 82-க்குள் ஐந்து விக்கெட் போயிற்று. டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்தார். இன்னும் 17 ரன் என்னும்போது தூக்கியடித்து அவுட். மீதி மூன்று பேரும் நாலே ரன்னில் சுருண்டார்கள். 12 ரன்னில் தோல்வி!

கடையில் யாரோ பெஞ்சை உதைத்தார். டெலிவிஷனில் சேப்பாக்கம் சற்று நேரம் மூச்சற்றுக் கிடந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமும் அவர் ஆட்களும் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். கைதட்டலும் கூடவே சுற்றி வந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர், "அடடே, அவங்களுக்குக் கை தட்டறாங்கப்பா!" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

சென்னைக்காரர்கள் பிறவி உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த மாதமே கல்கத்தாவில், டெண்டுல்கர் ரன் அவுட் ஆனதற்கு, கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தார்கள். கடைசி நாளன்று ரசிகர்களை வெளியேற்றிவிட்டு, காலி ஆசனங்களுக்கு நடுவே ஆட்டத்தை முடிக்க வேண்டியதாயிற்று. அவர்களும் வீட்டில் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: சேப்பாக்கத்தில் முதல் கையைத் தட்டியவர் யார்? இரண்டாவது ஆள் தட்டுவதற்குள் அவர் மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

அடுத்த பொங்கலுக்கும் கபடி நடந்தது. அந்தப் பையன் வரவில்லை. வேறொரு வெளியூர்க்காரன் அழகாகப் பாடிவிட்டுத் திரும்பினான். நான் கைதட்டினேன். இரண்டு தட்டல்.

"என்னடா மாப்ளே, அந்த ஊர்லே பொண்ணு கிண்ணு பாத்திருக்கியா?" என்றான் பக்கத்திலிருந்தவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.