ரெட்டைப்படை நாள்

சித்தி மகளுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ராசிபுரம் பக்கத்தில் அம்மாயி வீட்டு மாதக் காலண்டரில் சில தேதிகளுக்கு மேல் பென்சில் வட்டம் விழுந்திருந்தது. பக்கத்தில் பொடியாக ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு.

"தூரமான நாள்ல இருந்து எண்ணோணும் கண்ணு. ரெட்டப்படையில சேந்தா ஆம்பளப் பையன், ஒத்தப்படையின்னா பொட்டப்புள்ள" என்றார் அம்மாயி. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"பொட்டப்புள்ள வேணும்னா என்ன பண்ணோணும் அம்மாயி?"

"அதை ஆரு கண்ணு கேட்டா?"

அந்தப் பதில் என்னை விடவில்லை. இந்தக் கணக்கு எங்கிருந்து நம் ஊருக்கு வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

ரெட்டைப்படைக் கணக்கு மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயத்தில் அப்படியே இருக்கிறது. கருத்தரிக்கும் பருவம் 16 இரவுகள்; விலக்கப்பட்டவை போக மற்றவற்றில் இரட்டை எண் மகனுக்கு, ஒற்றை எண் மகளுக்கு. ஒருக்களித்துப் படுப்பதற்கு வேர் வேறு. வலது நாசியில் மூச்சு ஓடினால் ஆண், இடது நாசியில் ஓடினால் பெண் என்கிறது திருமந்திரம். இடப்பக்கமாகப் படுத்தால் வலது மூக்கு திறந்துகொள்ளும். அதற்கும் வெகுகாலம் முன்பே கிரேக்கத்தில் பார்மெனிடீஸ் வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண் என்று எழுதிவிட்டார்.

ஆனால் என்னை நிறுத்தியது பிருகதாரண்யக உபநிடதம். அதன் கடைசிப் பகுதியில் எப்படிப்பட்ட பிள்ளைக்கு எந்தச் சோறு என்று ஒரு வரிசை வருகிறது. கற்றறிந்த மகள் வேண்டுமென்றால் எள்ளுச் சோற்றில் நெய் விட்டுக் கணவனும் மனைவியும் சாப்பிட வேண்டுமாம். மகளைக் கேட்டவர்களும் ஒரு காலத்தில் இருந்திருக்கிறார்கள்! அந்தப் பாதி நம் அடுக்களைக்கு வந்து சேரவே இல்லை. எள்ளு சூடு, கருவைக் கலைத்துவிடும் என்பது மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

வராமல் போன பாதியின் விலையை எங்கள் பக்கத்துச் சேலம் கொடுத்தது. பிறந்த பெண் சிசுவைக் கொல்வதைத் தடுக்கத்தான் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கே தொடங்கியது. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு சேலம் மாவட்டத்தில் இருந்த பெண் குழந்தைகள் 851. 2011-இல் அது 916 ஆனது. ஸ்கேனில் பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம், 2003 திருத்தத்துக்குப் பின் கருவுறுவதற்கு முன்பே பாலினம் தேர்வதையும் குற்றமாக்கியது. பென்சில் வட்டம் குற்றமல்ல. ஆனால் அதன் பின்னுள்ள ஆசையும் ஸ்கேனின் பின்னுள்ள ஆசையும் ஒன்றேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாள் கணக்கு பலிக்குமா? அமெரிக்காவில் வட கரோலினாவில் கருத்தரிக்க முயன்ற 221 பெண்களைக் கவனித்த ஆய்வு 1995-இல் வெளிவந்தது. முட்டை வெளிப்படும் நாளுக்கு எத்தனை நாள் முன்பு சேர்ந்தார்கள் என்பதற்கும் பிள்ளையின் பாலினத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் பாதிப் பேருக்கு ஆண்தான் பிறக்கும். அவர்கள் ஊரெல்லாம் சொல்வார்கள். மீதிப் பேர்?

அம்மாயிக்குப் பிறந்த நாலும் பெண். என் அம்மா மூன்றாவது. "எண்ணிக்கை எனக்குத் தப்பிப் போச்சு" என்று இந்த 80 வயதிலும் சொல்கிறார். கணக்கின் மேல் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

போன மாதம் அவர் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். நான் அவரைக்கொட்டை இரண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். என் கையில் ஓர் அவரைக்கொட்டையும் ஒரு கொள்ளும். 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி மாவில் அண்டும் வண்டின் விந்தணுக்களை நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்த குரோமோசோம் கணக்கை அப்படித்தான் விளக்கினேன். பெண்ணிடம் இருப்பது ரெண்டும் அவரை, எதைக் கொடுத்தாலும் அவரைதான். ஆண் கொடுப்பது அவரையென்றால் மகள், கொள்ளென்றால் மகன். மனிதருக்கும் அதேதான்.

அம்மாயி ரொம்ப நேரம் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ என்ற கையில கொள்ளே இருக்கலையா?"

"இல்லை அம்மாயி."

கொட்டைகளை முறத்தில் போட்டார். "உங்க அப்புச்சி உசுரோட இருக்கையில இதைச் சொல்ல ஒருத்தரும் வரலையே கண்ணு."