பாட்டியின் ஏகாதசி + வாண்டின் அலர்ஜி = ஒரு சாக்லேட் குக்கி

ரெசிப்பி மட்டும் போதும்ங்கறவங்க நேரா கடைசிக்கு ஓடிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். மத்தவங்க கொஞ்சம் கூடவே வாங்க.

நமக்குப் பொழப்பு என்னவோ நவல்பட்டு எல்காட் பூங்காவுல பொட்டி தட்டறதுதான். ஆனா ரெண்டு மாசமா சனி, ஞாயிறு ஆணி புடுங்கறது எல்லாம் ஸ்ரீரங்கத்து வீட்டு சமையலறையில. புராஜெக்ட்டோட ரிக்வயர்மெண்ட் இதான்: தானியம் கூடாது. பால், தயிர், வெண்ணெய், நெய் எதுவும் கூடாது. முட்டையைப் பத்தி எங்க வீட்ல பேசவே கூடாது. ஆனா வெளியில வர்றது சாக்லேட் குக்கியா இருக்கணும்.

கிளையண்ட் ரெண்டு பேர்.

முதல் கிளையண்ட் எங்க பாட்டி. வயசு 82. மாசத்துக்கு ரெண்டு ஏகாதசி, ஒண்ணு விடாம விரதம். நானெல்லாம் வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும் பக்தி வர்ற கோஷ்டி. பாட்டிக்கு எல்லா ஏகாதசியும் ஒண்ணுதான். பல வீடுகள்ல அன்னிக்கு அரிசிக்கு மட்டும்தான் தடா, கோதுமை ரவை உப்புமா தாராளமா உண்டு. பாட்டியோட லிஸ்ட் அதைவிடக் கறார். அரிசி, கோதுமை, ரவை, அவல், சோளம், பருப்பு, பயறு எதுவும் கிடையாது. பழம், கிழங்கு, தேங்காய், வெல்லம், பாதாம், முந்திரி, பால் உண்டு.

ரெண்டாவது கிளையண்ட் அக்கா பொண்ணு, ஆறு வயசு வாண்டு. இவளுக்குப் பால் அலர்ஜி. "ஓ, பால் செரிக்காதா?"ன்னு கேக்காதீங்க. அது வேற, இது வேற. பால்ல இருக்கற லாக்டோஸ்ங்கற சர்க்கரை சிலருக்கு செரிக்காது. வயிறு உப்பும், பேதியாகும், அவ்வளவுதான். வாண்டுக்கு ஒத்துக்காதது பால்ல இருக்கற புரதம். உடம்பு அதை எதிரின்னு நினைச்சு சண்டைக்குப் போயிடும். தோல்ல தடிப்பு, உதடு வீக்கம், சில பேருக்கு மூச்சுத் திணறல் வரைக்கும் போகும். நெய்யை எவ்வளவு உருக்கி வடிகட்டினாலும் துளியூண்டு பால் புரதம் மிச்சம் இருக்கும். அதனால நெய்யும் கிடையாது. நெய் இல்லாத ஐயங்கார் வீட்டுக் குழந்தை! யோசிச்சுப் பாருங்க.

ஆக, பாட்டி சாப்பிடறதை வாண்டு சாப்பிட முடியாது. ஏகாதசி அன்னிக்கு வாண்டு சாப்பிடற இட்லியைப் பாட்டி சாப்பிட முடியாது. ஒரே வீடு, ஒரே கூடம், ரெண்டு தட்டு.

இதுல என்னை ரொம்ப நாளா உறுத்திக்கிட்டு இருந்தது ஒண்ணு உண்டு. பாட்டியோட "கூடாது"வை எங்க சொந்தத்துல ஒருத்தரும் கேள்வி கேட்டதில்லை. "மாமி இன்னிக்கு ஏகாதசியா?"ன்னு ஒரு வார்த்தை, உடனே பழத்தட்டு வந்துடும். வாண்டோட "கூடாது"வை மட்டும் எல்லாரும் பேரம் பேசுவாங்க. "ஒரு வாய்தானே." "குழந்தை ஏங்கிப் போயிடும்டி." "எங்க காலத்துல அலர்ஜியா கிலர்ஜியா?" போன வருஷம் ஒரு கல்யாணத்துல ஒருத்தர் அன்பு தாங்காம, அக்கா அந்தப் பக்கம் திரும்பின நேரத்துல, பருப்பு சாதத்துல நெய் விட்டு ஊட்டிட்டார். பத்து நிமிஷத்துல உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடிச்சு, முகூர்த்தத்தை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழந்தை பிழைச்சுது. அந்த உறவினர் அப்புறமும் "நெய் பாலா என்ன?"ன்னுதான் கேட்டார்.

அதுக்கப்புறம் வாண்டு விசேஷ வீடுகள்ல எதையும் தொடறதில்லை. யாராவது ஏதாவது நீட்டினா கையைப் பின்னால கட்டிக்கறா. ஆறு வயசுக் குழந்தைக்கு இது வர வேண்டிய பழக்கம் இல்லை. அதான் இந்த குக்கி. அவளும் சாப்பிடணும், பக்கத்துல இன்னொருத்தரும் அதையே சாப்பிடணும். தனித்தட்டு கூடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நெட்ல தானியம் இல்லாத குக்கி செய்முறை கொட்டிக் கிடக்கு. முக்காவாசி அமெரிக்க சரக்கு. பாதாம் மாவு, முட்டை, சாக்லேட் துண்டு. முட்டை அவுட். சாக்லேட் துண்டும் அவுட். 'டார்க்'னு எழுதியிருந்தாலும் பின்பக்கம் பொடி எழுத்துல பால் பொருள் இருக்கலாம்னு போட்டிருக்கும். பச்சைப் புள்ளியை நம்பவே முடியாது, அது சைவம்னு மட்டும்தான் சொல்லும், பாலும் அதுல சைவம்தான். அலர்ஜி வரி தனியா இருக்கும், அதைத் தேடிப் படிக்கணும். 2022-லேர்ந்து வீகன் உணவுக்குன்னு தனி சட்டமும் முத்திரையும் வந்திருக்கு. ஆனா அதே மெஷின்ல பால் சாக்லேட்டும் ஓடியிருந்தா முத்திரை காப்பாத்தாது. அதனால சர்க்கரை சேர்க்காத வெறும் கோகோ பவுடர், அதுவும் அலர்ஜி வரியைப் படிச்சுட்டு.

அடுத்த ஆப்பு பேக்கிங் பவுடர். டப்பாவைத் திருப்பிப் பார்த்தா சோள மாவு! ஈரம் புகாம இருக்க அதைச் சேர்க்கறாங்க. பாட்டி லிஸ்ட்படி சோளம் தானியம். அதனால வெறும் சமையல் சோடா, அதை எழுப்பிவிட எலுமிச்சைச் சாறு.

கோகோவுக்கும் ஒரு விசாரணை கமிஷன் நடந்தது. "ஏண்டா, இது எதுலேர்ந்து வரது?" "கோகோ பீன்ஸ்லேர்ந்து, பாட்டி." "பீன்ஸா? அப்போ பயறுன்னா அது?" விளக்க வேண்டியதாப் போச்சு. பேர்தான் பீன்ஸ், அது மரத்துல, அடிமரத்தை ஒட்டியே காய்க்கிற ஒரு பழத்தோட கொட்டை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புல ஊடுபயிராவே வளர்க்கறாங்க. "கொட்டைன்னா சரி"ன்னு பாட்டி ஸ்டாம்ப் குத்தினாங்க.

சிரிக்காதீங்க, இதே கேள்வி ஐரோப்பாவுலயும் வந்திருக்கு. சாக்லேட் அங்க போய்ச் சேர்ந்த புதுசுல, கத்தோலிக்க விரத நாள்ல அதைக் குடிக்கலாமா கூடாதான்னு பெரிய சண்டை. பிரான்காச்சியோன்னு ஒரு கர்தினால் 1664-ல ரோம்ல இதுக்குன்னே ஒரு நூல் போட்டார். திரவம் விரதத்தை முறிக்காது, அதனால சாக்லேட் பானம் குடிக்கலாம்ங்கறது அவர் கட்சி. நம்ம குக்கி திரவம் இல்லையே, கர்தினால் நமக்கு உதவ மாட்டார் :-)

இப்போ மாவு. முழுக்க பாதாம்னா பர்ஸ் தாங்காது. திருச்சியில இருந்துக்கிட்டு மாவுக்கு ஏன் அலையணும்? காவிரிக்கரை முழுக்க வாழை. தாயனூர்ல தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993-லேர்ந்து இருக்கு. வாழையிலேர்ந்து என்னென்ன பண்டம் பண்ணலாம்னு பயிற்சியும் தர்றாங்க. வாழைக்காயைச் சீவிக் காயவச்சு அரைச்சா நல்ல மாவு. தானியம் இல்லை, பால் இல்லை, பாட்டி லிஸ்ட்லயும் தாராளமா இடம் உண்டு. காந்தி மார்க்கெட்ல எட்டு மொந்தன் காய் வாங்கிட்டு வந்தேன்.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது.

வாழைக்காய் நறுக்கினா கறுத்துப் போகும்னு நம்ம வீடுகள்ல மோர் கலந்த தண்ணியில போடுவாங்க இல்லையா? அம்மாவுக்கு நாற்பது வருஷக் கைப்பழக்கம். ஒரு கை காயைச் சீவ, இன்னொரு கை தன்னால மோர்ச் சட்டிக்குப் போச்சு. கூடத்துல ஜபமாலையோட உக்காந்திருந்த பாட்டி அங்கேர்ந்தே ஒரு சத்தம்: "மோர் விடாதேடி! குழந்தைக்கு ஆகாது. எலுமிச்சம்பழம் பிழி."

அத்தோட நிக்கல. எழுந்து வந்தாங்க. மோர்ச் சட்டியைத் தொட்ட கையை அலம்பச் சொன்னாங்க. கத்தியைக் கழுவச் சொன்னாங்க. அரைக்கறதுக்கு, பால் பொருளே படாத தனி ஜார் எடுக்கச் சொன்னாங்க. மாவு சலிக்க புதுத் துணி.

எனக்கு அப்பத்தான் பொறி தட்டிச்சு. எங்க வீட்ல 'பத்து'ன்னு ஒண்ணு உண்டு, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். சாதம் பட்ட கையும் கரண்டியும் பத்து. அந்தக் கையோட பால், தயிர், நெய், ஊறுகாய் எதையும் தொடக்கூடாது. தண்ணியில கையை நனைச்சுட்டுத்தான் தொடணும். சின்ன வயசுல இதுக்காக நான் வாங்கின திட்டு கொஞ்ச நஞ்சமில்லை. அதே பயிற்சிதான் இன்னிக்கு வாண்டுக்குக் கவசமா நின்னுது. எது எதைத் தொட்டுது, தொட்ட கை அடுத்து எங்க போச்சுன்னு கண் கொட்டாம கவனிக்கறது. அலர்ஜி இருக்கற வீட்டுக்கு டாக்டர் சொல்றதும் இதையேதான். பாட்டிக்குப் 'புரோட்டீன்'ங்கற வார்த்தை தெரியாது, ஆனா 'ஒட்டிக்கும்'னு தெரியும். 'ஒரு சொட்டுதானே'ங்கற பேச்சு அவங்க அகராதியிலேயே கிடையாது. ஏகாதசி அன்னிக்கு ஒரு பருக்கையும் பருக்கைதான், இல்லையா?

இந்த மடி, ஆசாரத்துக்கு இன்னொரு முகம் உண்டு. யார் யாரை வாசலோட நிறுத்திச்சுங்கற கணக்கு. அதை நான் மறைக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. அது தனிப்பதிவு. இங்க சொல்ல வர்றது ஒண்ணுதான்: கட்டுப்பாட்டை வாழ்ந்து பார்த்தவங்களுக்கு அடுத்தவங்க கட்டுப்பாடு சட்டுனு புரியுது. நம்பிக்கையால வர்ற 'கூடாது'வுக்குக் காட்டற மரியாதையில பாதியை, உடம்பால வர்ற 'கூடாது'வுக்கும் காட்டினா போதும். வாண்டு மாதிரிக் குழந்தைங்க கையைப் பின்னால கட்டிக்க வேண்டாம்.

போன மாசம் ஏகாதசி சனிக்கிழமையில வந்துது. காலையிலேயே சுட்டாச்சு. பெருமாளுக்குக் காட்டலாமான்னு கேட்டேன். "துலுக்க நாச்சியாருக்காக நம்ம ரங்கனே ரொட்டி அமுது செய்யறாரே, பாட்டி"ன்னு பாயிண்டும் எடுத்து விட்டேன். பாட்டி அசரல. "அது பெரிய கோயில்டா. நம்மாத்துல அவருக்கு வாழைப்பழம் போதும். இதை நாம சாப்பிடுவோம்."

தட்டை நடுவுல வச்சேன். வாண்டு வழக்கம் போல "மாமா, இதுல பால் இருக்கா?"ன்னு கேட்டா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பாட்டி, "இல்லைடி கண்ணு, நான் பக்கத்துலயே இருந்து பார்த்தேன்"ன்னாங்க. அப்புறம் ஒண்ணு எடுத்து ரெண்டா உடைச்சு, ஒரு பாதியைத் தன் வாயில போட்டுக்கிட்டு, மறு பாதியை அவகிட்ட நீட்டினாங்க. கை பின்னால போகல. பாட்டிக்கு இருக்கற நாலு பல்லுக்கும் குக்கி வளைஞ்சு கொடுத்துதுங்கறது கூடுதல் தகவல்.

இனி செய்முறை. சுமார் 20 குக்கி வரும்.

வாழைக்காய் மாவு 100 கிராம்
பாதாம் பொடி 100 கிராம்
கோகோ பவுடர் 25 கிராம்
நாட்டுச் சர்க்கரை 100 கிராம்
தேங்காய் எண்ணெய் 75 கிராம்
நல்லாப் பழுத்த பூவன் பழம் 1
தேங்காய்ப் பால் 3 அல்லது 4 டேபிள்ஸ்பூன்
சமையல் சோடா கால் டீஸ்பூன்
எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன்
இந்துப்பு ஒரு சிட்டிகை

மாவுக்கு: மொந்தன் காயைத் தோல் சீவி, மெல்லிசா வில்லை போட்டு, எலுமிச்சைத் தண்ணியில முக்கி எடுத்து, மொட்டை மாடியில ரெண்டு நாள் காயவைங்க. கையில ஒடிச்சா 'டப்'னு ஒடியணும். அரைச்சு சலிங்க. எட்டுக் காய்க்குக் கிட்டத்தட்ட கால் கிலோ தேறும்.

பழத்தை மசிச்சு சர்க்கரை, எண்ணெய், எலுமிச்சைச் சாறு சேர்த்து நல்லாக் குழைக்கணும். முட்டை செய்யற ஒட்டற வேலையை இங்க பழம் செய்யுது. பொடி எல்லாத்தையும் கலந்து சலிச்சு அதுல சேருங்க. வாழைக்காய் மாவு ஈரத்தை நல்லா இழுக்கும், அதனால தேங்காய்ப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமா வந்தா நிறுத்திடலாம்.

இப்போ முக்கியமான கட்டம். மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குப் பக்கத்துலேயே உருகிடும். திருச்சியில மார்கழி விடியற்காலையை விட்டா அது உறைஞ்சு பார்க்கறதே அபூர்வம். உருகின எண்ணெயோட உள்ள போனா குக்கி தட்டு பூரா படரும்.

சின்ன எலுமிச்சை அளவு உருட்டி, லேசா அழுத்தி, முன்னாடியே சூடாக்கின ஓடிஜியில 160 டிகிரியில 15 முதல் 18 நிமிஷம். எடுத்த உடனே மெத்துனு இருக்கும், தொட்டா உடையும். பதறாதீங்க. தட்டுலயே ஆறவிட்டா இறுகிடும். காத்துப் புகாத டப்பாவுல நாலு நாள் தாங்கும். எங்க வீட்ல நாலு நாள் இருந்ததில்லை.

டிஸ்கி 1: பாதாமும் பலருக்கு அலர்ஜி. வாண்டுக்கு அது ஆகும்னு டாக்டர் சோதிச்சுச் சொன்ன பிறகுதான் போட்டோம். நீங்களும் கேட்டுட்டுச் செய்ங்க.

டிஸ்கி 2: பால் அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரச் சரியாயிடும்னு டாக்டர் சொல்றார். ஆயிடுச்சான்னு பார்க்க வேண்டிய இடம் அவரோட ரூம், கல்யாணப் பந்தி இல்லை.

டிஸ்கி 3: உங்க வீட்டு ஏகாதசி லிஸ்ட்ல எது உள்ள, எது வெளியேன்னு சொல்லிட்டுப் போங்க. மரவள்ளி மாவுல அடுத்த பதிப்பு ரெடியாகுது. பாட்டி சேனை கேட்டிருக்காங்க. அதுல சாக்லேட் ஒட்டுமான்னு பார்க்கணும்.