நான் கண்ட துறைமுக நகரம்

எனது மாமா ஹொங்கொங் நகரில் ஒரு கப்பற் கம்பனியில் பணிபுரிகிறார். சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் அவர் என்னை அங்கு அழைத்திருந்தார். புறப்படும் நாளில் அம்மா ஒரு பழைய பால்மா ரின்னைத் திறந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை என்னிடம் தந்தார். அவர் திருகோணமலையில் பஸ் நிலையத்துக்கு அருகே, நடைபாதையில் சிறுவர் உடுப்புகள் விற்பவர். அந்த ரின்தான் அவரது காசுப்பெட்டி.

‘ஹொங்கொங்’ என்பதற்கு ‘நறுமணத் துறைமுகம்’ என்பது பொருள். 1842 இல் ஹொங்கொங் தீவு பிரித்தானியரின் உடைமையாயிற்று. 1997 யூலை 1 ஆம் திகதி முழுப் பிரதேசமும் சீனாவிடம் கையளிக்கப்பட்டது. தீவுக்கும் எதிரேயுள்ள கவுலூன் கரைக்கும் இடையில் விக்டோரியாத் துறைமுகம் அமைந்துள்ளது.

நான் சென்ற மறுநாள் மாலை மாமா என்னை விக்டோரியா மலைக்கு அழைத்துச் சென்றார். 1888 இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் ஏறினோம். தடித்த கம்பி வடம் அதனை மேலே இழுத்துச் செல்கிறது. செங்குத்தான சரிவில் அது ஏறியபோது, வெளியே நின்ற மாடிக் கட்டடங்கள் யாவும் சாய்ந்து விழுவன போலத் தோன்றின. மேலே நின்று பார்த்தபோது கடலின் இரு கரைகளிலும் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

கீழே இறங்கி, ‘ஸ்டார் பெரி’ எனப்படும் பயணிகள் படகில் கவுலூனுக்குச் சென்றோம். 19 ஆம் நூற்றாண்டில் இச்சேவைக்கு அடித்தளமிட்டவர் டொராப்ஜி நவ்ரோஜி என்ற இந்தியப் பார்சி வணிகர் என மாமா கூறினார். படகின் இரு முனைகளும் ஒரே மாதிரியானவை. ஆகையால் அது திரும்ப வேண்டியதில்லை. பயணிகளே ஆசனங்களின் சாய்மானத்தை மறுபுறம் புரட்டி அமர்ந்துகொள்கின்றனர்.

இரவு எட்டு மணிக்குக் கரையில் நின்று ஒளிக்காட்சியைப் பார்த்தோம். 2004 இல் ஆரம்பிக்கப்பட்ட காட்சி அது. எதிர்க்கரைக் கட்டடங்களிலிருந்து எழுந்த ஒளிக்கற்றைகள் இசைக்கேற்ப ஆடின. எனது கைக்கடிகாரத்தில் ஊர் நேரத்தை மாற்றாமலே வைத்திருந்தேன். மாலை ஐந்தரை. அம்மாவின் கடைக்கு ஆட்கள் வரும் வேளை.

அங்கிருந்து கோயில் வீதி இரவுச் சந்தைக்குச் சென்றோம். கடல் தெய்வமான தின் ஹாவின் ஆலயத்தால் அவ்வீதி இப்பெயரைப் பெற்றது. விளையாட்டுப் பொருட்கள், கைக்கடிகாரங்கள், தேநீர்க் கிண்ணங்கள் எனக் கடைகள் நிறைந்திருந்தன. ஒருபுறம் சோதிடர்கள் அமர்ந்திருந்தனர். மறுபுறம் மட்பானைச் சோற்றின் ஆவி பறந்தது.

ஒரு கடையில் பூவேலை செய்த பணப்பைகள் தொங்கின. அம்மாவின் ரின் என் நினைவுக்கு வந்தது. கடைக்கார மூதாட்டி உணவுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்தார். எங்களுக்குப் பொதுமொழி இல்லை. அவர் கணிப்பானில் 80 என அழுத்திக் காட்டினார். நான் 30 என அழுத்தினேன். அவர் 60 என்றார். நான் தலையசைத்துவிட்டு நடந்தேன். அவர் கூப்பிட்டார். 35 டொலருக்குப் பை எனதாயிற்று. வென்றுவிட்டேன் என்று சிரித்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அவர் ஆறிப்போன உணவை மீண்டும் திறந்துகொண்டிருந்தார். என் சிரிப்பு அடங்கிவிட்டது. அம்மாவும் இப்படித்தான் சோற்றுப் பார்சலை மூடிவைத்துவிட்டு எழுவார். ஒருநாள் ஒருவர் அம்மாவிடம் ஐம்பது ரூபாவைக் குறைப்பித்துவிட்டு, இப்படித்தான் சிரித்துக்கொண்டு போனார். அன்று அவர் மீது எனக்கு வந்த கோபம் இன்னும் மாறவில்லை.

“பேரம் பேசுவது பிழையில்லை. அவவும் நட்டத்துக்குக் குடுக்கமாட்டா” என்றார் மாமா. ஆயினும் நான் திரும்பிச் சென்றேன். தங்கைக்கென இன்னொரு பையை எடுத்துக்கொண்டு 60 டொலரை நீட்டினேன். மூதாட்டி என்னை உற்றுப் பார்த்தார். பின் கணிப்பானில் 35 என அழுத்திக் காட்டி, மிகுதியை என் உள்ளங்கையில் வைத்தார். ஒருமுறை ஒத்துக்கொண்ட விலையை அவர் மாற்ற விரும்பவில்லை.

ஊர் திரும்பியதும் பையை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் விலையைக் கேட்டார். சொன்னேன். அம்மா பையைப் புரட்டி, உட்புறத் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

“இவ்வளவு வேலை செய்து இந்த விலைக்குக் குடுத்தால், அந்த மனுசிக்கு என்ன மிஞ்சும்?” என்றார்.

ஹொங்கொங்கில் நான் கண்ட ஒளிக்காட்சியைப் பற்றி நண்பர்கள் பலர் கேட்டனர். அதனை விவரித்துச் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. அம்மாவின் அந்தக் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.