உப்புத் தண்ணீர் போகும் வழி

நியூ ஜெர்சியின் விரிகுடாக்களிலும் ஆறுகளிலும் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் ஸ்டிரைப்டு பாஸ் மீனைப் பிடிக்கத் தடை. மார்ச் 1 அன்று தடை நீங்கும். ஏப்ரலில் ராரிட்டன் விரிகுடாவுக்குள் மீன் கூட்டம் ஏறும்போது கரையில் நிற்க இடம் கிடைக்காது. தடைக்காலத்திலேயே புதுத் தூண்டில் ரீல் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். எடிசன் ஊரில் இருக்கும் நம்மவர்கள் சிலருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. வாங்கிய ரீலைக் கடலுக்குக் கொண்டுபோகும் முன் தூத்துக்குடிக்காரர் ஒருவரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்வார்கள். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. இயந்திரப் பாகங்களை அளந்து பார்த்துத் தேர்ச்சி சொல்வது அவருடைய அலுவலக வேலை. பிப்ரவரிக் குளிரில் ஒரு சனிக்கிழமை அவருடைய கராஜுக்கு நானும் என் புது ரீலோடு போனேன்.

"புதுசை எதுக்கு அண்ணாச்சி பிரிக்கணும்?"

"பழசானப்புறம் பிரிச்சா, எது கம்பெனி வச்சது, எது கடல் வச்சதுன்னு தெரியாதுல்லா தம்பி. ஆனா மொதல்ல வாரண்டிக் காயிதத்தப் படிச்சீங்களா? தொறந்தா செல்லாதுன்னு சிலவன் எழுதியிருப்பான்."

படித்திருந்தேன். என் ரீலுக்கு அப்படி நிபந்தனை இல்லை. மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். பக்கத்தில் அறை அறையாகப் பிரித்த தட்டு. செல்போனை ஒரு தாங்கியில் நிறுத்தி, ஒவ்வொரு பாகமும் வெளியே வரும்போது படம் எடுக்க வைத்தார். ஸ்க்ரூ டிரைவர்களில் சிலவற்றின் கைப்பிடியில் சிவப்பு நாடா சுற்றியிருந்தது. அவை ஜப்பானிய அளவுக்கானவை. ஜப்பான் ரீல்களின் ஸ்க்ரூ தலையில் இருக்கும் கூட்டல் குறி பிலிப்ஸ் போலவே தெரியும். ஆனால் பிலிப்ஸ் டிரைவரைப் போட்டால் நழுவித் தலையைத் தின்றுவிடும்.

முதலில் திறப்பது உடம்பைத்தான் என்று நினைத்திருந்தேன். அவர் போனது தண்ணீர் போகும் வரிசையில்.

என்னுடையது ஸ்பின்னிங் ரீல். நூலைச் சுற்றும்போது அதன் ஸ்பூல் சுழலாது. அதைச் சுற்றி ரோட்டார் சுழன்று நூலைச் சுற்றும். பிராட்ஃபோர்டு நகரத்துக் கம்பளி ஆலைக்காரர் ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், நூற்பு ஆலையின் பாபினைப் பார்த்து உருவாக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. கடலிலிருந்து திரும்பும் நூல் ரீலைத் தொடும் முதல் இடம் பெயில் வளையத்தின் ஓரத்தில் இருக்கும் சின்ன உருளை. பின்னல் நூல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வரும். அத்தனை தண்ணீரும் பிழியப்படுவது அந்த உருளைமேல்தான்.

ஒரே ஸ்க்ரூவில் உருளை கழன்றது. உள்ளே சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய பேரிங். அதைச் சுற்றிக் கிரீஸ் பெயருக்குத்தான் இருந்தது.

"ரீல்ல மொதல்ல சாவுறது இதுதான். இது சுத்தாம நின்னுச்சுன்னா நூல் ஒரே எடத்துல தேச்சுத் தேச்சு கோடு போட்ரும். அப்புறம் அந்தக் கோடே நூல அறுக்கும். மீனு பெருசு, அதான் அறுந்துபோச்சுன்னு நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவீங்க."

அடுத்து ஸ்பூல். குமிழைத் திருகி எடுத்ததும் உள்ளே டிராக் அடுக்கு: ஒரு கார்பன் ஃபைபர் வாஷர், ஒரு உலோக வாஷர் என்று மாறி மாறி. உலோகத் தட்டுகளில் சிலவற்றுக்குக் காது உண்டு. அவை ஸ்பூலோடு சுற்றும். மற்றவை தண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நூலை மீன் இழுக்கும்போது இந்த இரண்டுக்கும் நடுவே உண்டாகும் உராய்வுதான் டிராக். கார்பன் வாஷர்கள் காய்ந்து கிடந்தன. அதற்கென்றே விற்கும் டிராக் கிரீஸை விரலால் மெலிதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுத்தார். கிரீஸ் பூசிய கார்பனில் உப்புத் தண்ணீர் எளிதில் ஏறாது. மீன் ஓடத் தொடங்கும் அந்த முதல் நொடியில் டிராக் திக்காது.

என் ரீலின் பெட்டியில் 40 பவுண்டு டிராக் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைக் காட்டினேன். "எத்தன பவுண்டு நூல் போடப் போறீங்க?" முப்பது என்றேன். நூல் தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வைப்பதுதான் முறை. முப்பது பவுண்டு நூலுக்கு ஏழரையிலிருந்து பத்து. தராசை நூல் முனையில் மாட்டி இழுத்துப் பார்த்தே அதை வைக்க வேண்டும். பெரிய மீனுக்கு நேரமும் வேண்டும். 1982 செப்டம்பர் 21 இரவு, அட்லாண்டிக் சிட்டியில் கடலுக்குள் நீளும் கல்வரிசைமேல் நின்று ஆல் மெக்ரெனால்ட்ஸ் 78 பவுண்டு 8 அவுன்ஸ் எடையுள்ள ஸ்டிரைப்டு பாஸைப் பிடித்தார். 2011 வரை உலக சாதனையாக நின்ற மீன் அது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் நூலை விட்டும் சுற்றியும்தான் அதைக் கரைக்குக் கொண்டுவந்தார். டிராக்கிடம் கேட்க வேண்டியது நாற்பது பவுண்டு பிடிக்குமா என்பதல்ல. பத்துப் பவுண்டில் அவ்வளவு நேரமும் ஒரே சீராக வழுக்குமா என்பது.

ரோட்டார் நட்டைக் கழற்றும்போது அண்ணாச்சியின் கை நிதானமானது. சில ரீல்களில் அதன் மரை எதிர்த்திசையில் இருக்கும். தெரியாமல் முறுக்கினால் நெளிந்துவிடும். ரோட்டார் வெளியே வந்ததும் ஒருவழி கிளட்ச் தெரிந்தது. வட்டமாக அடுக்கிய சிறு உருளைகள். ஒரு பக்கம் சுற்றினால் விடும், மறுபக்கம் சுற்றினால் இறுகும். இதுவரை கிரீஸ் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இங்கே இருந்த கிரீஸை ஒற்றி எடுத்துவிட்டு மெல்லிய எண்ணெயைத் தொட்டு வைத்தார். குளிரில் கிரீஸ் கெட்டியானால் உருளைகள் ஒட்டிக்கொண்டு பிடிக்காமல் போகும். மீன் இழுக்கும்போது ஹேண்டில் பின்னால் விசிறிக் கைமுட்டியில் அடிக்கும்.

கடைசியாகத்தான் உடம்பின் பக்கத்தட்டு. அலுமினிய உடம்பில் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூக்கள். உப்புத் தண்ணீர் நடுவில் வந்தால் இந்த இரண்டு உலோகமும் ஒரு பேட்டரியாகிவிடும், கரைவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்து, ஸ்க்ரூ கழற்ற முடியாமல் இறுகிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு மரைக்கும் படகுகளுக்குப் போடும் கிரீஸில் ஒரு பொட்டு. உள்ளே பெரிய பல்சக்கரமும் அதோடு கோர்க்கும் பித்தளைப் பினியனும். சக்கரத்தின் பற்களில் மார்க்கரால் நீலம் தடவி ஹேண்டிலைச் சுற்றினார். நீலம் அழிந்த இடம் பல்லின் நடுவில், எல்லாப் பல்லிலும் ஒரே அகலத்தில் இருந்தது. கோர்ப்பு நேராக இருக்கிறது என்று அர்த்தம். தண்டின் ஓரத்தில் காகிதம்போல் ஒரு ஷிம் வாஷர் கிரீஸில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. துடைக்கும் துணியோடு அது போய்விட்டால் இந்தக் கோர்ப்பும் போய்விடும்.

"சீல் எல்லாம் போட்டிருக்கான், ஐபிஎக்ஸ்6-ன்னு எழுதியிருக்கான். அப்புறமும் தண்ணி உள்ள போகுமா?"

அண்ணாச்சி அந்தச் சோதனையை விளக்கினார். 12.5 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயால், நிமிடத்துக்கு 100 லிட்டர் வேகத்தில், மூன்று மீட்டர் தூரத்திலிருந்து குறைந்தது மூன்று நிமிடம் தண்ணீர் அடித்துப் பார்ப்பது ஐபிஎக்ஸ்6. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முக்கி வைப்பது ஐபிஎக்ஸ்7. எண் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு சோதனை. ஒன்றில் தேறியது மற்றதிலும் தேறியதாகாது. அலைக்குள் இறங்கி நிற்கிறவனின் ரீல் தண்ணீருக்குள் முங்கும். அதுவும் புது ரப்பரோடு ஆய்வுக்கூடத்தில் அல்ல, மணல் உரசித் தேய்ந்த ரப்பரோடு.

"சீல் நல்லதுதான் தம்பி. ஆனா உள்ள போன தண்ணிய வெளிய விடாததும் அந்த சீல்தான். சீல் இல்லாத ரீலு காத்துல காய்ஞ்சிரும். இது காயாது, ஊறிக்கிட்டே கெடக்கும்."

அலமாரியிலிருந்து ஒரு பழைய பென் செனட்டர் ரீலை எடுத்து வைத்தார். ஜெர்மனியிலிருந்து வந்த ஆட்டோ ஹென்ஸி, பிலடெல்பியாவில் 1932-இல் தொடங்கிய நிறுவனம் பென். செனட்டர் 1936-இல் வந்தது. அதில் ரப்பர் சீல் கிடையாது. பக்கத்தட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மொத்தமும் கையில் வந்துவிடும். தண்ணீர் போகும் என்று தெரிந்தே, துடைப்பதற்கு வசதியாகச் செய்த ரீல்.

என் ரீலை மறுபடி பூட்டியபின் தீர்ப்புச் சொன்னார். பல்லும் கிளட்சும் சுத்தம். உருளையும் டிராக்கும் கிரீஸ் கேட்டன, கொடுத்தாயிற்று. சவுத் அம்பாய் கரையிலோ படகிலோ தைரியமாகப் பயன்படுத்தலாம். ஐலண்ட் பீச் ஸ்டேட் பார்க்கில் இடுப்பளவு அலையில் இறங்கினால், அன்று ராத்திரியே உடம்பைத் திறந்து துடைக்க வேண்டும். மற்ற நாளில் டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினால் போதும். அழுத்தமாக அடித்தால் உப்பை நாமே உள்ளே தள்ளியதாகிவிடும். காய்ந்தபின் டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாஷர்கள் நசுங்கியபடியே இருக்கும்.

அடுத்த ரீல் வாங்கும்போது பேரிங் எண்ணிக்கையையும் நாற்பது பவுண்டையும் பார்க்கப்போவதில்லை. உருளை ஒரே ஸ்க்ரூவில் கழல்கிறதா, பெட்டிக்குள் பாகங்களின் வரைபடம் இருக்கிறதா, சீல் தேய்ந்தால் தனியாக வாங்க முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்பேன். தண்ணீர் போகாத ரீல் எந்தக் கடையிலும் இல்லை. போன தண்ணீரை நம் கையாலேயே வெளியே எடுக்க விடுகிற ரீல் இருக்கிறது.