முட்டை ஓடு ஏன் மெலிந்தது? நாமக்கல்லில் ஒரு பகல்

முசிறிப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டில் முட்டையை உடைக்கவே வேண்டியதில்லை என்ற நிலை வந்திருந்தது. கையில் எடுத்தாலே விரல் உள்ளே போனது. மொத்தம் 14 நாட்டுக்கோழிகள். தினம் ஐந்தாறு முட்டை கிடைத்துவந்தது, இப்போது ஒன்றோ இரண்டோதான். அதிலும் ஒன்று ஓடே இல்லாத தோல்முட்டை. கறுப்புப் பெட்டை ஒன்று காலைத் தாங்கித் தாங்கி நடந்தது.

முட்டை விற்ற காசில்தான் அக்கா மாதச் சீட்டுக் கட்டுகிறாள். ''ஏதாச்சும் மருந்து வாங்கி ஊத்தணுமாடா தம்பி?'' என்று கேட்டாள். எனக்குக் கோழியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது குழம்பான பிறகுதான். அத்தானுக்குப் பழக்கமான பண்ணைக்காரர் ஒருவர் நாமக்கல்லில் இருந்தார். ஒரு எட்டு நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று காலை பஸ் பிடித்தோம்.

தொட்டியம் வரைக்கும் காவிரிக்கரை வாழைத் தோட்டங்கள் கூடவே வரும். அப்புறம் பச்சை குறைந்து மேட்டுக்காடு தொடங்கிவிடும். நாமக்கல் நெருங்க நெருங்க, சாலையிலிருந்து தள்ளி நீளநீளமான கொட்டகைகள். தூண்கள் மேல் உயர்த்திக் கட்டி, பக்கவாட்டில் சுவர் இல்லாமல் கம்பிவலை மட்டும். உள்ளே வரிசை வரிசையாக வெள்ளைக் கோழிகள். ஊருக்குள் நுழைந்தால் நடுவில் ஒரே பாறையாக மலைக்கோட்டை, அதன் எதிரே கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் ஆஞ்சநேயர். கும்பிட்டுவிட்டு ஆட்டோ ஏறினோம்.

பண்ணை வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார்கள். கிருமிநாசினி கலந்த தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதில் காலை நனைத்துவிட்டு உள்ளே போகலாம் என்று செருப்போடு இறங்கப் போனேன். பண்ணைக்காரர் கையைக் காட்டித் தடுத்தார்.

''வூட்ல கோழி வெச்சிருக்கறீங்களாமா அம்மணி? அப்ப ஷெட்டுக்குள்ள வேண்டாமுங்க. தப்பா நெனைக்காதீங்க. உங்க சேலைல, செருப்புல நோய் ஒட்டிக்கிட்டு வந்துச்சுன்னா எனக்கு ஒரு ஷெட்டே போயிரும்.''

வெள்ளைக்கழிச்சல் பயம். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் எங்கள் பகல் முழுவதும் வாசலுக்கு வெளியே, சாலையோரத்தில் தனியாக இருந்த அவருடைய தீவனக் கிடங்கில்தான் கழிந்தது. கோழியைப் பார்க்கப் போய்த் தீவனத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். அதுவே நல்லதாகப் போயிற்று.

கிடங்குக்குள் புண்ணாக்கு வாசனையும் மாவுத் தூசியும். ஒரு பக்கம் மக்காச்சோள மூட்டைகள் கூரையைத் தொட்டன. கர்நாடகா, ஆந்திரா, சில பருவத்தில் பீகாரிலிருந்துகூட வருமாம். சோயா புண்ணாக்கு மகாராஷ்டிரத்திலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும். நாமக்கல்லில் லாரித் தொழிலும் முட்டைத் தொழிலும் ஏன் அருகருகே வளர்ந்தன என்பது அந்த மூட்டைகளைப் பார்த்ததும் புரிந்தது. தீவனம் வரவும் லாரி வேண்டும், முட்டை போகவும் லாரி வேண்டும்.

கலவையில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். அது கோழிக்குத் தெம்பு. அடுத்து புரதத்துக்கு சோயா. பிறகு எண்ணெய் எடுத்த தவிடு, உப்பு, வைட்டமின்கள், தாது உப்புகள். இவையெல்லாம் எனக்கு ஓரளவு எதிர்பார்த்தவை. எதிர்பாராதது, மூலையில் இருந்த கல் குவியல். சுண்ணாம்புக்கல் குருணையும் கிளிஞ்சலும். தீவனத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு இதுதான் என்றார்.

''கல்லையா திங்குது?'' என்றாள் அக்கா.

அவர் ஒரு முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு விளக்கினார். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. மஞ்சள் கரு சினைப்பையை விட்டுக் கிளம்பி, வெள்ளைக் கரு சூழ்ந்து, தோல் போர்த்துவதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். மிச்சமுள்ள 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. அதில் பெரும்பகுதி ராத்திரியில், கோழி தூங்கும்போது. ஒரு ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டாது என்பதால், அந்த 2 கிராமுக்காகக் கோழி நாளைக்கு 4 கிராம் வரை தின்றாக வேண்டும். மாவாக அரைத்த சுண்ணாம்பு சீக்கிரமே கரைந்து போய்விடும். குருணையாக இருந்தால் வயிற்றில் தங்கி, ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால்தான் சாயங்காலத் தீவனத்தில் குருணை.

''அது கெடைக்கலீன்னா?''

''எலும்புல இருந்து எடுக்குமுங்க. தன் எலும்பக் கரைச்சு ஓடு கட்டும். அதுவும் தீந்து போச்சுன்னா தோல்முட்டை. அப்பறம் காலு நிக்காது.''

அக்கா ஒன்றும் பேசவில்லை. கறுப்பியை நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது தெரிந்தது.

''ஏனுங்க அம்மணி, நீங்க என்ன போடறீங்க?''

ரேஷன் அரிசி, மிஞ்சிய சோறு. முன்பு கோழிகள் அவிழ்த்துவிட்டால் வாய்க்கால் ஓரம் வரைக்கும் மேய்ந்துவரும். பக்கத்து வீட்டுக்காரரின் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டன என்று சண்டை வந்து, மூன்று மாதமாக வலை கட்டி அடைத்துவிட்டாள். அரிசியை மட்டும் முன்பைவிடத் தாராளமாகப் போட்டாள். பண்ணைக்காரர் சிரித்துவிட்டார். அத்தனை நாளும் அந்தக் கோழிகளுக்குச் சோறு போட்டது அக்கா மட்டும் அல்ல. புழு, கரையான், வண்டு, அறுகம்புல், நத்தை ஓடு, சுவரோரத்துச் சுண்ணாம்புக் காரை எல்லாமே சேர்ந்துதான். வலை கட்டிய அன்று அதெல்லாம் நின்றுபோனது. அரிசியில் வயிறு நிறையும். புரதம் குறைவு, கால்சியம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். பருத்த கோழியும் மெலிந்த முட்டையும்தான் மிஞ்சும்.

அவருடைய கோழிகள் ஒவ்வொன்றும் நாளுக்கு 110 கிராம் அளவில் தின்கின்றன, ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகின்றன. செலவில் பெரும்பகுதி தீவனம்தான். மக்காச்சோளம் விலை ஏறி, முட்டைக் கொள்முதல் விலை இறங்கும் மாதங்களில் கோழி தின்னத் தின்ன நஷ்டம். அதற்காகத் தீவனத்தைக் குறைக்கவும் முடியாது. ''இன்னிக்கு நான் கஞ்சத்தனம் பண்ணுனா பத்து நாள்ல முட்டை காட்டிக் குடுத்துருங்க.''

கோடையில் வேறு தலைவலி. கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சூடு ஏறினால் தீவனம் எடுக்காது. மூச்சிரைப்பே ஓட்டையும் மெலிதாக்கிவிடும். அதனால் விடியற்காலை வெயில் ஏறும் முன்பே தீவனம் போடுகிறார்கள். இந்த ஊரில் வானிலை அறிக்கைகூடக் கோழிக்காகத்தான். மோகனூர் சாலையில் லத்துவாடியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி, வரும் நாட்களின் வெயில், காற்று, ஈரப்பதம் சொல்லி, கூடவே தீவனத்தில் என்ன மாற்றம் செய்யலாம் என்றும் சொல்கிறது. உள்ளூர்ச் செய்தித்தாள்களில் அது தவறாமல் வருகிறது.

கிளம்பும் முன் ஒரு பிடி மக்காச்சோளத்தை முகர்ந்து, ஒன்றைக் கடித்துக் காட்டினார். 'டக்'கென்று உடைய வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம், பூஞ்சணத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, அது ஈரலைக் கெடுத்து முட்டையை நிறுத்தும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும் அப்படித்தான். வீட்டில் மனிதர்கள் தின்ன முடியாமல் கெட்டுப்போனதைத்தான் நாம் கோழிக்குப் போடுகிறோம் என்று யோசித்துக்கொண்டேன்.

''மஞ்சக்கரு நல்லா செவப்பா இருந்தா சத்துன்னு சொல்றாங்களே அண்ணே?'' என்று அக்கா கேட்டாள். மக்காச்சோளமும் பச்சை இலையும் கொடுத்தால் நிறம் வரும், நிறத்தை வைத்துப் புரதத்தை அளக்க முடியாது என்றார். நாட்டு முட்டையை அதிக விலைக்கு விற்கும் அக்காவுக்கு இந்தப் பதில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எனக்குப் பிடிக்காததும் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து பார்த்தாலும் கூண்டுகளின் நெருக்கம் தெரிந்தது. கோழி சிறகை விரிக்க இடமில்லை. எல்லாச் சத்தும் அளந்து கிடைக்கிறது, மண்ணைக் கிளறும் சுகம் மட்டும் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக் குழந்தைகளின் சத்துணவுத் தட்டுக்கு முட்டை வருவது இந்த முறையால்தான் என்பதும் தெரியும். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கிலோ கிளிஞ்சல் குருணையை அவர் காசு வாங்காமல் கொடுத்தனுப்பினார். தீவனத்தில் கலக்காமல் கொட்டாங்குச்சியில் தனியாக வைக்கச் சொன்னார். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். குஞ்சுகள் அதில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த வயதில் அதிகக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டு முட்டை ஓட்டையும் கொடுக்கலாம், ஆனால் வறுத்துப் பொடித்துத்தான். முழு ஓடாகப் போட்டால் ருசி கண்டு, இட்ட முட்டையையே கொத்தும் பழக்கம் வந்துவிடும்.

அக்கா இப்போது அரிசியைப் பாதியாக்கி, கம்பும் உடைத்த மக்காச்சோளமும் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும் சேர்க்கிறாள். முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுகிறாள். அம்மா செய்த மாதிரி, பழைய பானையில் சாணியும் வைக்கோலும் போட்டுத் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சி முடித்த பிறகு, ஒரு மணி நேரம் காவல் இருந்து கோழிகளை அவிழ்த்தும் விடுகிறாள்.

மூன்றாவது வாரம் போன் செய்தாள். ஓடு கெட்டியாகிவிட்டது, நாளுக்கு நான்கு முட்டை வருகிறது. கால்நடை மருந்தகத்திலும் காட்டியதில் கறுப்பி இப்போது நொண்டாமல் நடக்கிறதாம்.

''அது எத்தனை முட்டை போடுது?'' என்றேன்.

''அது எங்க போடுது? மத்ததுங்க போட்ட முட்டை மேல அடைக்கு உக்காந்துருச்சு. கிட்டப் போனா கொத்துது!''